வேலி போன வீட்டுக்கு யன்னல் சீலை: எதை, எங்கே, எப்படித் தெரிவது?

வடக்கிலோ கிழக்கிலோ ஒரு வீட்டுத்திட்டக் கிராமத்தின் ஒழுங்கைக்குள் போனால் வீடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வரைபடத்தில் நிற்கும். விறாந்தை, மண்டபம், இரண்டு அறை, குசினி. வீட்டுக்கு வீடு வேறுபடுவது யன்னலிலும் வாசலிலும் தொங்குவதுதான். ஒரு வீட்டில் பழைய சேலை. அடுத்த வீட்டில் பெட்சீற். அதற்கடுத்ததில் தொண்டு நிறுவனம் ஒன்றின் பெயர் அச்சிட்ட தறப்பாளில் வெட்டிய துண்டு. இன்னொன்றில் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்த கனத்த கேட்டின். கேட்டின் என்றாலே அது வசதியான வீட்டின் அலங்காரம் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் மீள்குடியேறிய வீடுகளில் அது செய்யும் வேலை அலங்காரத்தைவிடப் பெரியது. தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் ஒரே மறைப்பு பல இடங்களில் அந்தத் துணிதான்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. எங்கள் பழைய வீடுகளில் மறைப்பு யன்னலில் இருக்கவில்லை, வேலியில் இருந்தது. கிடுகு அல்லது பனையோலை வைத்து அடைத்த, ஆளுயரத்துக்கு மேற்பட்ட வேலி. இடையிடையே கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால். படலையைச் சாத்திவிட்டால் உள்ளே கிணற்றடியும் முற்றமும் வீட்டாருக்கு மட்டும் உரியவை. அதனால் யன்னலைத் திறந்தபடி விட்டுவிட்டு உறங்க முடிந்தது. இடப்பெயர்வுகளில் வேலிகள் அழிந்தன. விறகாகப் போனவை பாதி, காடு மூடியவை பாதி. திரும்பி வந்தபோது முதலில் எழுந்தது வீடு. வேலிக்குக் கம்பி இழுக்கவே பலரிடம் பணம் இருக்கவில்லை. திறந்த காணியின் நடுவே, வீதிக்கு முகம்காட்டியபடி, பெரிய யன்னல்களோடு ஒரு சீமெந்து வீடு. வேலி பார்த்த வேலையை யன்னல் சீலை பார்க்க வேண்டியதாயிற்று.

ஆகவே திரைச்சீலை தெரியும்போது எந்த நிறம், எந்தப் பூ என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. இந்த யன்னலால் யார் பார்க்கிறார்கள்? எந்த நேரத்தில் வெயில் விழுகிறது? எந்தப் பக்கக் காற்று இதனால் வருகிறது? ஒரே வீட்டிலேயே ஒவ்வொரு யன்னலுக்கும் பதில் வேறாக இருக்கும். எல்லா யன்னலுக்கும் ஒரே துணியை ஒரே அளவில் தைத்துப் போடுவது பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கலாம். வீட்டில் இருப்பவருக்கு அது பெரும்பாலும் புழுக்கம்தான்.

முதலில் கதவு

கசப்பான விடயத்தை முதலில் சொல்லிவிடலாம். இந்திய அரசின் 50,000 வீட்டுத்திட்டத்தில் வடக்கு, கிழக்கில் புதிய வீடு ஒன்றுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. கட்டி முடிப்பது குடும்பத்தின் பொறுப்பு. மண், கல், மேசன் கூலி எல்லாம் ஏறிய காலத்தில் பல குடும்பங்களுக்குக் கூரை வரை வந்ததே பெரிய காரியம். உள்ளறைகளின் நிலைகளுக்குக் கதவு போடாமல் சீலையைத் தொங்கவிட்ட வீடுகள் பல. சில வீடுகளில் யன்னல் நிலைக்கும் பலகை இல்லை, வெறும் கம்பி மட்டும்.

சீலை பார்வையை மறைக்கும். ஆளை மறிக்காது. பெண்களும் பிள்ளைகளும் மட்டும் இருக்கும் வீடு என்றால் கையில் இருக்கும் முதல் காசு ஓர் அறையின் கதவுக்கும் உள்பக்கக் கொண்டிக்கும் போகட்டும். அடுத்தது மலசலகூடத்தின் கதவு. கேட்டின் அதற்குப் பிறகு. இதைத் துணிக்கடையில் யாரும் சொல்லப்போவதில்லை.

கதவு வந்த பிறகும் உள்ளறை வாசலுக்கு ஒரு சீலை தேவைப்படும். பகலில் கதவைத் திறந்துவைத்தால்தான் காற்று ஓடும். ஒரே வீட்டில் இரண்டு குடும்பங்கள் இருப்பதும், அறை ஒன்றை மகளுக்கும் மருமகனுக்கும் கொடுத்துவிட்டு மண்டபத்தில் மற்றவர்கள் படுப்பதும் இங்கே வழமை. மெனிக்பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படும் வரை கூடாரத்துக்குள் சீலையைக் கட்டி அறை பிரித்து வாழ்ந்தவர்களுக்கு இதன் அருமையை விளக்கத் தேவையில்லை. வாசல் சீலை தரையில் இழுபடக்கூடாது. நிலத்திலிருந்து நான்கைந்து அங்குலம் மேலே நிற்கட்டும். தரையைக் கூட்டும்போது அழுக்காகாது, தவழும் பிள்ளை இழுத்து விழுத்தாது, காற்றும் அடியால் ஓடும்.

அரைச் சீலை

வீதிப்பக்க யன்னலுக்கு என்ன போடலாம் என்று கேட்டால் என் பதில் அரைச் சீலை. யன்னலின் கீழ்ப்பாதியை மட்டும் மூடும்படி, நிலையின் நடுவே ஒரு கம்பியை மாட்டித் தொங்கவிடுவது. வீதியால் போகிறவருக்கு உள்ளே இருப்பவர், படுத்திருப்பவர் தெரியமாட்டார். மேற்பாதி திறந்திருப்பதால் வெளிச்சமும் காற்றும் வரும். சூடான காற்று மேலேறும் இயல்புள்ளது. அது வெளியேற மேற்பாதி வழி. துணியும் பாதிதான் செலவாகும். தேநீர்க்கடையில் போடுவது போல இருக்கிறது என்று சிலர் முகம் சுழிப்பார்கள். சுழிக்கட்டும். இந்த வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான பாணி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் உடை மாற்றும் அறைக்கு அரைச் சீலை போதாது. தெரு உயரமாகவும் வீடு பள்ளமாகவும் இருந்தாலும் போதாது. அங்கே முழு நீளச் சீலையை இரண்டு துண்டாகப் போட்டு நடுவில் பிரித்து ஒதுக்கும்படி வைப்பதே சரி.

நெற் துணி, வலைத்துணி என்று விற்கும் மெல்லிய சீலை பற்றி ஓர் எச்சரிக்கை. பகலில் வெளியே வெளிச்சம் அதிகம், உள்ளே குறைவு. அதனால் உள்ளிருப்பவருக்கு வெளியே தெரியும், வெளியே நிற்பவருக்கு உள்ளே தெரியாது. இரவில் லைற்றைப் போட்டவுடன் இது அப்படியே தலைகீழாகும். உள்ளே நடப்பதெல்லாம் வெளியே நிற்பவருக்குத் திரையில் படம் பார்ப்பது போலத் தெரியும். உள்ளே இருப்பவருக்கு வெளியே யார் நிற்கிறார் என்பதே தெரியாது. சந்தேகம் இருந்தால் இரவில் ஒருவரை உள்ளே லைற்றடியில் நிற்கச் சொல்லிவிட்டு நீங்கள் வீதியில் நின்று பாருங்கள். மெல்லிய சீலை போடுவதானால் இரவுக்கென்று அதன் பின்னே இன்னொரு கனமான துணியோ, சாத்தக்கூடிய யன்னல் பலகையோ இருக்க வேண்டும்.

வெயிலும் காற்றும்

சீலை போட்டால் வீடு குளிரும் என்பது பாதி உண்மை. யன்னலுக்குக் கண்ணாடி இருந்தால் வெயில் அதைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் சீலையில் படுகிறது. வெப்பம் அப்போதே வீட்டுக்குள் வந்துவிட்டது. வெயிலை வெளியிலேயே மறிப்பதுதான் பலன் தரும். மேற்கு யன்னலுக்கு வெளியே கிடுகிலோ பனையோலையிலோ ஒரு தட்டியைச் சரிவாகக் கட்டினால், எவ்வளவு விலைகூடிய கேட்டினும் செய்யாத வேலையை அது செய்யும். தட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அடி இடைவெளி இருந்தால் காற்றும் வரும். ஓலை எடுக்க முடியாத இடத்தில் பழைய சாக்கைத் தைத்துக் கட்டலாம்.

எந்தப் பக்கத்துக்கு அதிகக் கவனம் வேண்டும்? எங்கள் நாட்டில் நண்பகல் வெயில் ஏறக்குறைய தலைக்கு மேலே இருக்கும். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் சூரியன் உச்சிக்கு நேரே வரும். அந்த வெயிலைத் தாங்குவது கூரை. தகரமோ சீற்றோ போட்ட கூரையின் வெக்கையை யன்னல் சீலையால் ஒன்றும் செய்ய முடியாது. யன்னலால் உள்ளே வருவது சாய்ந்த வெயில். அது காலையில் கிழக்கு, மாலையில் மேற்கு. சுவரெல்லாம் சூடேறியிருக்கும் நேரத்தில் வருவதால் மேற்கு வெயில்தான் கொடியது. கனமான சீலை ஒன்றே ஒன்றுதான் வீட்டில் இருக்கிறது என்றால் அது மேற்கு யன்னலுக்குப் போகட்டும்.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் கேட்டின்கள் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் கேட்டினின் வேலை வீட்டின் சூட்டை வெளியே போகவிடாமல் காப்பது. அதனால்தான் அது கனமாக, உட்துணி வைத்து, நிலம்வரை தைக்கப்பட்டிருக்கும். அதை மண்டபத்து யன்னல் முழுக்கப் போட்டுவிட்டு, வந்தவர் போனவர் பார்க்கட்டும் என்று இழுத்து மூடி வைத்தால் உள்ளே அவிந்துபோவது நாங்கள்தான். அன்போடு அனுப்பியதை மூலையில் போடவும் மனம் வராது. மேற்கு யன்னலுக்கு, பின்னேரத்தில் மட்டும் இழுத்துவிட அது நல்ல துணி.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வைகாசி தொடங்கி மாதக்கணக்கில் சோளகம் தெற்குப் பக்கத்தாலும் தென்மேற்காலும் அடிக்கும், புழுதியோடு. மெல்லிய சீலை அந்தக் காற்றில் யன்னல் கம்பியில் அடித்து அடித்துக் கிழியும். அடிமடிப்பை நான்கு அங்குலமாகப் பெரிதாக வைத்து அதற்குள் ஒரு பழைய துணிப்பட்டியையோ சிறு சங்கிலியையோ இட்டுத் தைத்தால் பாரத்தில் நேராக நிற்கும். முல்லைத்தீவு, மன்னார் போன்ற கரையோரங்களில் உப்புக் காற்று இரும்புக் கம்பியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும், துரு சீலையில் கறையாக இறங்கும். அங்கே அலுமினியக் குழாயோ நன்றாகச் சீவிய கமுகந்தடியோ மேல்.

எந்தத் துணி

கொட்டன் துணி காற்றை விடும், வியர்வை நாற்றத்தைத் தேக்காது, அடித்துத் துவைக்கலாம். ஆனால் வெயிலில் நிறம் போகும், முதல் துவையலில் சுருங்கும். நூறு அங்குலத்துக்கு மூன்று முதல் ஐந்து அங்குலம் வரை குறையலாம் என்று வைத்துக்கொண்டு, வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டுக் காயப்போடுங்கள். பொலியெஸ்டர் மலிவு, சுருங்காது, சீக்கிரம் காயும், நிறமும் அதிகம் நிற்கும். காற்று மட்டும் அதனூடாகப் போகாது. கைத்தறித் துணி வாங்க வசதியிருந்தால் மருதமுனை நெசவு நல்ல தெரிவு. தடித்த நூல், நெருக்கமான இழை, நீண்ட காலம் உழைக்கும். எங்கள் கரையிலேயே நெய்த துணி என்பது இன்னொரு காரணம்.

தண்ணீரையும் பாருங்கள். குடாநாட்டின் சுண்ணாம்புக் கல் நிலத்துக் கிணற்று நீர் வன்னீர். சவர்க்காரம் நுரைக்காது, வெள்ளைத் துணி சில மாதங்களில் மங்கிப் பழுப்பேறும். செம்மண் புழுதி இருக்கும் இடத்திலும் அதே கதை. வெள்ளையையும் இளமஞ்சளையும் விட்டுவிட்டு மண்நிறம், இளம்பச்சை, சாம்பல் கலந்த நீலம் என்று போனால் துவைக்கும் வேலை குறையும். மிகக் கடும் நிறமும் வேண்டாம் என்பதற்கு நுளம்பு ஒரு காரணம். டெங்குவைப் பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பது. வீட்டுக்குள் இருட்டான மூலைகளிலும் தொங்கும் துணிகளிலும் சீலை மடிப்புகளிலும் ஒதுங்கி இருக்கும். 2017 இல் நாட்டில் 186,000 க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு பதிவானது. காலையில் சீலையை ஒருமுறை உதறி ஒதுக்கிக் கட்டுவது ஒரு நிமிட வேலை.

நெருப்பைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, 1990களில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை அதே விளக்கைத் தன் பிள்ளைகளுக்கும் ஏற்ற வேண்டி வந்தது. குப்பி விளக்கும் மெழுகுதிரியும் இருக்கும் மேசைக்கும் காற்றில் ஆடும் சீலைக்கும் நடுவே எட்டாத தூரம் வேண்டும். கொட்டன் பற்றினால் எரியும். பொலியெஸ்டர் உருகிச் சொட்டும், தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். குசினியில் அடுப்புக்குப் பக்கத்து யன்னலுக்குச் சீலையே வேண்டாம். கம்பி வலை அடித்துவிடுங்கள்.

அளவும் மாட்டும் விதமும்

நான்கு அடி அகலம், நான்கு அடி உயரமான யன்னல் என்று வைத்துக்கொள்வோம். கம்பி இரண்டு பக்கமும் ஆறு அங்குலம் நீண்டிருந்தால்தான் ஓரத்தால் உள்ளே தெரியாது. அப்படியென்றால் கம்பி ஐந்து அடி, அதாவது 60 அங்குலம். சுருக்கு விழ அதன் ஒன்றரை மடங்கு துணி வேண்டும். 90 அங்குலம். 45 அங்குல அகலத் துணியில் இரண்டு துண்டு. கடையில் இரண்டரை, மூன்று மடங்கு எடுக்கச் சொல்வார்கள். எங்கள் யன்னலுக்கு அது வீண். நீளத்துக்கு, நிலைக்கு மேலே நான்கு அங்குலம், கீழே ஆறு அங்குலம், மேல்மடிப்புக்கும் அடிமடிப்புக்கும் நான்கு நான்கு. மொத்தம் 66 அங்குலம், சுமார் 1.7 மீற்றர். இரண்டு துண்டுக்கும் 3.4 மீற்றர். கொட்டன் என்றால் துண்டுக்கு மூன்று அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். கடையில் மீற்றரில் அளக்கிறார்களா யாரில் அளக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளவும். ஒரு யார் 36 அங்குலம், ஒரு மீற்றர் 39 அங்குலத்துக்குச் சற்று அதிகம்.

கல்லுச் சுவரில் ஆணி அடிப்பது இன்னொரு தலையிடி. உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல்லில் ஆணி நிற்காது, பூச்சும் உதிரும். மரநிலை இருந்தால் அதிலேயே திருகாணியால் கொளுக்கியை மாட்டுவது சுலபம். பிளாஸ்ரிக் உறை போட்ட சுருள் கம்பி மலிவு. ஆனால் நான்கு அடிக்கு மேல் போனால் நடுவில் தொய்யும். அரைச் சீலைக்கு அது போதும், முழுச் சீலைக்குக் குழாய் வேண்டும்.

ஒரு கையை இழந்தவர், விரல்களில் பலம் குறைந்தவர் வீட்டில் இருந்தால் சீலையின் தலைப்பைக் குழாய்போல் மடித்துத் தைத்துக் கம்பியில் கோர்க்கும் முறையைத் தவிருங்கள். அதை இழுக்க இரண்டு கை வேண்டும். வளையத்தில் தொங்கும் சீலை ஒரு கையால், ஒரு தடியால்கூட நகரும். சக்கர நாற்காலி போகும் வாசலில் சீலையே இல்லாமல் விடுவது நல்லது. முடியாவிட்டால் நிலத்திலிருந்து ஓர் அடியாவது உயர்த்தி, ஒரு பக்கமாக முழுதும் ஒதுங்கும்படி வையுங்கள். சில்லில் சிக்கினால் கம்பியோடு கழன்று தலையில் விழும். பார்வை குறைந்தவருக்கு, சுவரின் நிறத்திலிருந்து நன்றாக வேறுபட்ட நிறச் சீலை வாசல் எங்கே என்று காட்டும். கயிறு இழுத்துத் தூக்கும் திரைகளைச் சிறுபிள்ளைகள் இருக்கும் வீட்டில் போடாதீர்கள், கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

இருட்டைப் பற்றி ஒரு சொல். உறங்கும் அறையை முழு இருட்டாக்கும் தடித்த துணி இப்போது கடைகளில் பரவலாகக் கிடைக்கிறது. பதுங்குகுழிக்குள் இருந்து வந்தவர்களில் சிலருக்கு முழு இருட்டும் மூடிய அறையும் மூச்சுமுட்டும். வேறு சிலருக்குச் சிறு இடைவெளியும் யாரோ பார்ப்பது போல இருக்கும். இரண்டுக்கும் நியாயம் உண்டு. அந்த அறையில் படுப்பவரைக் கேட்காமல் அவருக்குச் சீலை தெரிய வேண்டாம்.

கடன், பிறகு சேலை

மோட்டார் சைக்கிளில் துணி மாதிரிகளோடு வந்து, வாரத் தவணைக்குக் கேட்டின் தைத்துத் தருகிறவர்கள் ஊர்களுக்குள் வருவார்கள். நுண்கடன் எத்தனை வீடுகளை என்ன பாடு படுத்தியது என்று இந்த வாசகர்களுக்குத் தெரியும். தவணையில் எடுப்பதற்கு முன் மொத்த விலையைக் கூட்டி, அதே துணி கடையில் என்ன விலை என்று ஒப்பிட்டுப் பாருங்கள். முழு வீட்டுக்கும் ஒரே நாளில் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வீதிப்பக்கம் இந்த மாதம், மேற்கு அடுத்த மாதம். வேலிக் கரையில் கதியால் ஊன்றி வைத்தால் சில மழைக்குப் பிறகு வீதிப்பக்கச் சீலையையே மெல்லியதாக மாற்றிவிடலாம்.

கையில் இருப்பது பழைய சேலை என்றால் அதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு சேலை சுமார் ஐந்தரை மீற்றர் நீளம், 45 அங்குல அகலம். மேலே சொன்ன யன்னலுக்கு முழுச் சீலை இரண்டு துண்டு போக, மூன்றாவது துண்டு ஒன்று மிஞ்சும். அரைச் சீலை என்றால் மடிப்போடு 32 அங்குலம்தான் வேண்டும். ஆறு துண்டு வரும், மூன்று யன்னல் முடிந்தது. வாசலுக்கு என்றால் இரண்டு வாசல். வாசலுக்குச் சுருக்கு அதிகம் வேண்டியதில்லை, கையால் ஒதுக்கிக்கொண்டு போக வேண்டுமே. ஓரக்கரை ஏற்கனவே இருப்பதால் பக்கவாட்டில் தைக்கும் வேலையும் இல்லை. பட்டும் வழுக்கும் நைலெக்ஸும் சரிவராது. நூல் சேலையே நல்லது.

வெட்ட மனம் வராத சேலைகளும் இருக்கும். 2009 இல் வன்னியில் கூறைச்சேலையைக்கூட மண்மூட்டைக்குத் தைத்துக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு எஞ்சிய ஒன்றிரண்டில் கத்தரிக்கோல் வைக்கச் சொல்ல என்னால் முடியாது. அப்படிப்பட்டதை வெட்டாமலும் தொங்கவிடலாம். சேலையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்பு மேலே வரும்படி கம்பியில் போட்டு, கம்பிக்குக் கீழே இரண்டு அங்குலத்தில் கையால் நீளத் தையலாக நூலோட்டினால் போதும். இரண்டு அடுக்கு இருப்பதால் இரவிலும் மறைக்கும். மிகுதி நீளத்தை அடியில் உட்புறமாக மடித்து அதேபோல் நூலோட்டி விடலாம். வேண்டியபோது நூலை இழுத்தால் சேலை முழுதாகக் கையில் வரும். வெயில் பட்டால் மடிப்பு இருந்த இடத்தில் நிறம் மங்கிக் கோடு விழும் என்பதால், அந்தச் சேலையைக் கிழக்கு, மேற்கு யன்னல்களில் போட வேண்டாம். உள்ளறை வாசலுக்குப் போடுங்கள்.